கப்பலேறிப் போனவன்

"தீவாந்தரம் போறவனே!"

திருவட்டாற்றில் எங்கள் வீட்டில் காலை காப்பிக்கு முன்பே இந்த ஆசீர்வாதம் ஆரம்பித்துவிடும். பால் பாத்திரத்தை மூடாமல் போன பேரனுக்கு, வேலி தாண்டிய ஆட்டுக்கு, அஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்பிப் போய்விட்ட குலசேகரம் பஸ் டிரைவருக்கு... அம்மச்சி எல்லாரையும் அனுப்பி வைப்பது ஒரே அட்ரசுக்குத்தான்.

சின்ன வயசில் தீவாந்தரம் என்பது பேச்சிப்பாறைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ காட்டுக்குள் இருக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் வசதி இல்லாத ஊராக இருக்கும், அதனால்தான் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஒரு கணக்கு. முப்பது வயசு தாண்டி, பி.காம். படித்து, ரெண்டு ஆபீசில் கணக்கெழுதி, அதையும் விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்த பிறகு ஒருநாள் சும்மா கேட்டேன்.

"அம்மச்சி, நம்ம குடும்பத்துல யாராவது நெசமாவே தீவாந்தரம் போயிருக்கினுமா?"

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்க அம்மைக்க அம்மச்சிக்கு ஒரு அண்ணன் உண்டும். வயலு வழக்குல ஒருத்தனை வெட்டிப்போட்டான். பிடிச்சுக் கப்பலேத்திட்டினும். பின்ன வரல்ல."

"பேரு?"

"அந்தப் பேரை வீட்டுல சொல்லப்பிடாதுண்ணு விட்டுப்போட்டினும் மக்களே. சொல்லாம சொல்லாம மறந்தே போச்சு."

அவ்வளவுதான் தகவல். பெயர் இல்லை. வருஷம் இல்லை. எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், எதுவும் இல்லை. வவுச்சர் இல்லாத செலவு மாதிரி ஒரு மனுஷன் எங்கள் குடும்பக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தச் சரக்கானாலும் அனுப்பிய இடத்தில் ஒரு என்ட்ரி இருக்கும், வந்து சேர்ந்த இடத்தில் ஒரு என்ட்ரி இருக்கும். ரெண்டையும் ஒத்துப்பார்த்தால் நடுவில் எங்கே காணாமல் போனது என்று கண்டுபிடித்துவிடலாம். வெள்ளைக்காரனோ ஒரு பென்சில் வாங்கினாலும் மூன்று காப்பி எழுதி வைக்கிற ஜாதி. ஒரு ஆளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு எழுதி வைக்காமல் இருப்பானா?

இந்தத் தைரியத்தில் சென்னைக்கு ரயிலேறினேன். எழும்பூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, செங்கல் கட்டடத்தில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து காகிதமெல்லாம் அங்கேதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரகசியத் துறை, ராணுவத் துறை, வருவாய்த் துறை என்று தனித்தனி வால்யூம்கள். அங்கே வருஷக்கணக்காக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிற ஒரு பெரியவரிடம் என் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வருஷம் என்ன தம்பி?"

"தெரியலை சார்."

"பேரு?"

"தெரியலை."

"எந்த ஊரு?"

"திருவட்டாறு!" என்றேன், ஒரு கேள்விக்காவது விடை தெரிந்த சந்தோஷத்தில்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது திருவிதாங்கூர் ராஜாவோட சீமை இல்லையா? உங்க கேஸ் இங்கே எப்படி இருக்கும்?"

அட, ஆமாம்! கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன் எங்கள் ஊர் வழக்கு வம்பெல்லாம் திருவனந்தபுரத்துக் கணக்கு. அங்கே உள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய சங்கதியெல்லாம் ஓலைச் சுருணைகளில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த மலையாளம் மோகன்லால் படம் பார்க்கப் போதும். சுருணை வாசிக்கப் போதாது.

வேறு வழியில் போகலாம் என்று திருவிதாங்கூர் சரித்திரப் புத்தகங்களைப் பிடித்தேன். எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் யாராவது அச்சில் இருக்கிறார்களா என்று தேடினேன். இருக்கிறார்கள். ஒரு குடும்பமே இருக்கிறது.

தலக்குளம் தெரியுமல்லவா? எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்தால், அழகியமண்டபம், தக்கலை தாண்டிப் போய்விடலாம். திவான் வேலுத்தம்பியின் ஊர். கம்பெனியை எதிர்த்துக் கிளம்பி, 1809-ல் தோற்று, மண்ணடி பகவதி கோயிலில் உயிரை விட்டவர். அவர் தம்பியைக் கொல்லத்தில் தூக்கில் போட்டார்கள். அத்தோடு விடவில்லை. தலக்குளத்து வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். சொந்தபந்தங்களில் பெரும்பாலோரைப் பிடித்து மாலத்தீவுக்குக் கப்பலேற்றினார்கள். நடுக்கடலில் புயல், மழை. கப்பல் தூத்துக்குடியில் ஒதுங்கியது. அவர்களை அங்கேயே சிறையில் போட்டார்கள். வருஷக்கணக்கில் கிடந்து சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள், சிலர் செத்துப்போனார்கள், மிச்சமிருந்தவர்களைக் கசையால் அடித்து நாட்டை விட்டுத் துரத்தினார்கள். 1878-ல் வந்த சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாற்றில் இது நாலைந்து வரி. அந்தச் 'சிலர்' எத்தனை பேர்? பெயர் என்ன? பெண்களா, குழந்தைகளா? அந்த வரிகளில் கிடையாது.

நாலைந்து வரியோடு ஒரு குடும்பம் முடிந்துவிடுகிறது. அந்த எரிச்சலில் 1809 சண்டையைப் பற்றி நேரில் பார்த்தவர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஜேம்ஸ் வெல்ஷ்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு ஆரல்வாய்மொழி தெரியும். இப்போது காற்றாலைகள் கை சுற்றுகிற அந்த மலை இடுக்கில்தான் திருவிதாங்கூரின் வாசற்கதவு இருந்தது. கோட்டை மதில், பீரங்கிகள், காவல் படை. 1809 பிப்ரவரி 10-ம் தேதி விடிவதற்குள், ராத்திரி முழுக்கத் தெற்குப் பக்கத்து மலையில் ஏறி, பின்பக்கமாக இறங்கி, அந்தக் கதவை உடைத்த கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் இந்த வெல்ஷ். அடுத்த பத்து நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் விழுந்தன. எங்கள் ஊர்க்காரன் பார்வையில் சொன்னால், வில்லன்.

ஆனால் ஆசாமிக்கு டைரி எழுதுகிற பழக்கம் இருந்திருக்கிறது. நாற்பது வருஷப் பட்டாள வாழ்க்கையை ரெண்டு பெரிய வால்யூமாக 1830-ல் லண்டனில் அச்சடித்துவிட்டார். இன்றைக்கு அது இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆபீசில் லஞ்ச் டயத்தில் படிக்கலாம், மேனேஜருக்குத் தெரியாமல்.

ஆரல்வாய்மொழிக்காகப் புரட்டினவன், வேறொரு இடத்தில் வழுக்கி விழுந்தேன். என் அம்மச்சி குடும்பத்து ஆள் கிடைக்கவில்லை. பதினைந்து வயசுப் பையன் ஒருவன் கிடைத்தான். சிவகங்கைச் சீமைப் பையன். பெயர் துரைசாமி.

அப்பா பெயர் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். சின்ன மருது.

வெல்ஷின் இங்கிலீஷில் இந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதே ஒரு டிடெக்டிவ் வேலை. அவர் எழுத்தை அப்படியே வாசித்தால் சின்ன மருது 'சீனா மர்டூ', வெள்ளை மருது 'வெல்லா மர்டூ'. சிறுவயல் என்ற ஊர் 'ஷெரவேல்' ஆகி, பெண்கள் காலேஜ் பெயர் மாதிரி இருக்கிறது. ரேஷன் கார்டில் முருகேசனை 'முருங்கேசன்' என்று அடித்துக் கொடுத்தால் நாம் கோபப்படுகிறோம். அது பரம்பரை வியாதி சார். இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பித்துவிட்டது!

1795 வாக்கில் வெல்ஷ் மதுரைப் பக்கம் இருந்த இளம் ஆபீசர். அப்போது சின்ன மருதுவோடு பழக்கம். சீமையையே ஆள்கிற மனுஷன் வீட்டு வாசலில் ஒரு காவல்காரன்கூடக் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் வரலாம், எதிரே வருகிறவர்களெல்லாம் அன்பாகக் கும்பிடுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதுகிறார். கருத்த, வாட்டசாட்டமான, அழகான ஆள் என்கிறார். நல்ல அரிசியும் பழமும் கொடுத்தனுப்புவாராம். எல்லாவற்றுக்கும் மேலே, ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குச் சொல்லிக் கொடுத்தவரே சின்ன மருதுதான். வளரி, தெரியுமில்லையா? வளைந்த கட்டை. கைதேர்ந்தவன் வீசினால் நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்று சாட்சி சொல்கிறார் வெள்ளைக்கார துரை.

ஆறு வருஷம் கழித்து அதே சின்ன மருது, 1801 ஜூனில், கம்பெனியை நாட்டை விட்டு விரட்டச் சொல்லி திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அறிக்கை ஒட்டுகிறார். அதே வெல்ஷ் எதிர்த்தரப்புப் பட்டாளத்தில் இருக்கிறார். அக்டோபர் 1-ல் காளையார்கோயில் விழுந்தது. காட்டுக்குள் ஓடிய சின்ன மருதுவைத் தொடையில் சுட்டு, பிடித்து, அக்டோபர் 24-ல் திருப்பத்தூர் கோட்டையில் அண்ணனோடு தூக்கில் தொங்கவிட்டார்கள். குடும்பத்தில் இன்னும் பலரைத் தூக்கிலிட்டார்கள். தனக்கு வளரி கற்றுக்கொடுத்தவன் முடிந்த விதத்தை எழுதும்போது வெல்ஷின் பேனா கொஞ்சம் தடுமாறுகிறது. தடுமாறினாலும் சம்பளம் வாங்குகிற இடம் கம்பெனி. நமக்குத் தெரியாத சங்கடமா?

துரைசாமியைத் தூக்கில் போடவில்லை. பதினைந்து வயசு. அவன் செய்த குற்றம் என்ன? மகனாகப் பிறந்தது. தண்டனை? தீவாந்தரம்.

1802 பிப்ரவரி. தூத்துக்குடி. கப்பலின் பெயர் 'அட்மிரல் நெல்சன்'. அந்த நெல்சன் அப்போது உயிரோடுதான் இருந்தார், பெயர் மட்டும் முன்கூட்டியே நம்ம ஊர்க் கடலுக்கு வந்துவிட்டது. ஏற்றப்பட்டவர்கள் 73 பேர். சிவகங்கையின் ராஜா வேங்கன் பெரிய உடையணத் தேவர், அதாவது வேலு நாச்சியாரின் மருமகன், அதில் ஒருவர். கடைக்குட்டி துரைசாமி ஒருவன். போகிற இடம், கம்பெனிக் காகிதத்தில் 'வேல்ஸ் இளவரசர் தீவு'. நம்ம பாஷையில் பினாங்கு.

இந்த 73 பேர் எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தப்பட்டு, சாட்சி விசாரித்து, தீர்ப்புச் சொல்லப்பட்டவர்கள் இல்லை. சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது, கப்பல் கிளம்பியது. பின்னாளில் வ.உ.சி.க்காவது 1908-ல் திருநெல்வேலியில் ஒரு ஜட்ஜ் உட்கார்ந்து நாற்பது வருஷத் தீவாந்தரம் என்று எழுதினார். அப்பீல் செய்ய முடிந்தது, தண்டனை குறைந்தது, அந்தமான் போகாமல் கோவையிலும் கண்ணூரிலும் செக்கிழுத்து 1912 கடைசியில் வெளியே வந்தார். துரைசாமிக்கு அப்பீல் எழுத ஒரு தீர்ப்பே கிடையாது.

அந்தக் கைதிகள் தூத்துக்குடியில் அடைபட்டிருந்த நேரத்தில் வெல்ஷ் அங்கே இருந்தார். பழைய நண்பரின் மகன், வளரி கற்ற நாட்களில் தான் பார்த்துப் பழகிய குழந்தை, இப்போது விலங்கோடு எதிரே. என்ன செய்தார்? விலங்கின் கனத்தைக் கொஞ்சம் குறைத்தார். தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார்.

கப்பல் போய்விட்டது. அனுப்பிய இடத்து என்ட்ரி முடிந்தது. பினாங்கில் வந்து சேர்ந்த கணக்கும் கம்பெனிக் கடிதங்களில் உண்டு. 73 பேர் பட்டியலைத் தமிழ் ஆராய்ச்சியாளர்கள் தேடி எடுத்து அச்சிலும் போட்டிருக்கிறார்கள். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் எழுதிய தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய புத்தகமும், எஸ்.எம். கமால் எழுதிய மருதுபாண்டியர் வரலாறும் இந்தக் காகிதக் காட்டில் அலைந்து கொண்டுவந்த சரக்குதான். கணக்கு டேலி ஆகிறது. ஆனால், டேலி ஆன கணக்கில் ஆள் இல்லை. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரி அந்தப் பையன் சாப்பிட்டானா, கப்பல் ஆடும்போது வாந்தி எடுத்தானா, யாராவது தலையைத் தடவிக் கொடுத்தார்களா, எதுவும் லெட்ஜரில் வராது. கணக்கெழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வரவே வராது.

பினாங்கை ஏதோ ஆளில்லாத பாறை என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி அங்கே கொடி நட்டது 1786-ல். நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள் அப்போதே அங்கே கடை பரப்பிவிட்டார்கள். அவர்கள் பெயரில் சூலியா தெரு இன்றைக்கும் இருக்கிறது. அவர்களுடைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆரம்பமானது 1801-ல். துரைசாமி போய் இறங்குவதற்கு முந்தின வருஷம்! அதாவது, ஒரே ஊரில் ஒரு பக்கம் தமிழ் பேசிக்கொண்டே துணி விற்கிறவர்கள், இன்னொரு பக்கம் தமிழ் பேசிக்கொண்டே விலங்கோடு இருக்கிறவர்கள். கடைக்காரர்களுக்கு ஊரிலிருந்து கப்பல் வரும், சேதி வரும். கைதிக்கு அந்தக் கப்பலைக் கரையிலிருந்து பார்க்கலாம்.

கம்பெனிக்கு இதில் நல்ல லாபமும் இருந்தது. புதிதாகப் பிடித்த தீவில் ரோடு போட வேண்டும், சதுப்பைத் தூர்க்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும். கூலி கேட்காத ஆள் வேண்டும். தண்டனை என்று பெயர், உண்மையில் லேபர் சப்ளை. சிங்கப்பூருக்கு 1825-ல் முதல் கைதிக் கூட்டம் போனது. அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள். அதன் உட்சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் போட்டு அடித்து, தேங்காய் மட்டை ஊறின தண்ணீர் விட்டு, கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் கருப்புத் தரையில் முகம் பார்த்த எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தச் சமையல் குறிப்பு புதிதல்ல. அரண்மனையைப் பார்க்க டிக்கெட் வாங்கினால் கொத்தனார் பெயர் சொல்ல மாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான்.

ஆயுள் கைதிகளுக்கு இன்னொரு கொடுமை. நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்திவிடுவார்கள். 1849-ல் சட்டம் போட்டுத்தான் இதை நிறுத்தினார்கள். அதுவரை ஆளின் ஃபைல் அவன் நெற்றியிலேயே இருந்தது. தலையெழுத்து என்கிறோமே, அதை ஊசியும் மையும் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

சரி, துரைசாமிக்கு வருகிறேன்.

பதினாறு வருஷம் ஓடிவிட்டது. 1818. இடையில் வெல்ஷ் ஆரல்வாய்மொழியைப் பிடித்தார், பதவி உயர்ந்தார், ஊர் ஊராகப் போனார். அந்த வருஷம் பினாங்குக்கு வந்திருந்தார். அங்கே ஒருநாள் ஒரு ஆள் அவரைத் தேடி வந்து எதிரே நின்றான். நைந்துபோன, ஒடுங்கின, கிழட்டு உருவம். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் நீ என்று கேட்டார்.

வந்தவன் பெயரைச் சொன்னான். துரைசாமி.

அந்தப் பெயர் நெஞ்சில் கத்தி மாதிரி இறங்கியது என்ற அர்த்தத்தில் வெல்ஷ் எழுதுகிறார். எழுதியவர் பட்டாளத்துக்காரர். எத்தனையோ பேர் சாவதைப் பார்த்தவர்.

இங்கே நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கால்குலேட்டர் இல்லாமலே ஒரு கணக்குப் போட்டேன். கிளம்பும்போது 15. பதினாறு வருஷம். 31, மிஞ்சினால் 32.

முப்பத்திரண்டு!

என் வயசு சார். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வயசு. பைக் லோன் இன்னும் எட்டு தவணை பாக்கி, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டால் இப்போதும் ஓடுகிறோம், ரெண்டு நரைமுடி பார்த்துவிட்டால் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம். அந்த வயசில் ஒருவன் எதிரே வந்து நின்றால் கிழவன் என்று நினைக்கும்படி இருந்திருக்கிறான். பதினாறு வருஷத்தில் என்ன நடந்தது என்று எந்த ரிக்கார்டும் விவரிக்க வேண்டியதில்லை. வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை பாருங்கள், அதுதான் ரிக்கார்டு.

அவன் என்ன கேட்டான் தெரியுமா? என்னை விடுவிக்கச் சொல் என்று கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. அப்பாவைத் தூக்கில் போட்டாயே என்று சட்டையைப் பிடிக்கவில்லை. ஊரில் உயிரோடு மிச்சமிருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

விதிமுறை இடம் தரவில்லை. வெல்ஷ் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோகவில்லை.

இந்த இடத்தில் எனக்கு வெல்ஷ் மேல் வந்த கோபத்தைச் சொல்லியே ஆகவேண்டும். யாரய்யா பார்க்கப் போகிறார்கள்? கோட் பாக்கெட்டில் ஒரு காகிதம். நாற்பது பக்கத்துக்கு ஒருமுறை தன் வீரத்தைச் சொல்லிக்கொள்கிற மனுஷனுக்கு இந்தத் தைரியம் இல்லாமல் போய்விட்டதே. ராத்திரியில் செங்குத்து மலை ஏறத் தெரிந்தது, ஒரு சர்க்குலரைத் தாண்டத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் தோன்றியது. அவர் இதையெல்லாம் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதினால் தனக்குத்தான் அவமானம். ஆனாலும் எழுதினார். அவர் எழுதாமல் போயிருந்தால் துரைசாமி அந்தப் பட்டியலில் இன்னொரு வரி. 73-ல் ஒன்று. மற்ற 72 பேருக்கும் சொந்தம் இருந்திருக்கும், கடிதம் இருந்திருக்கும். அவர்களுக்கு வளரி கற்ற வெள்ளைக்காரன் ஒருவன் நண்பனாக வாய்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1788-லிருந்து 1868 வரை பிரிட்டன் அங்கே கப்பலேற்றி அனுப்பிய கைதிகள் சுமார் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் பேர். டாஸ்மேனியா ரிஜிஸ்டர்களில் ஒவ்வொருவருக்கும் உயரம், கண்ணின் நிறம், எங்கே தழும்பு, என்ன தொழில், தண்டனைக் காலத்தில் என்ன சேட்டை செய்தான் என்பதுவரை இருக்கிறது. அந்த ரிக்கார்டுகளை 2007-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஒரு காலத்தில் மறைத்தவர்கள், இப்போது 'எங்க தாத்தாவுக்குத் தாத்தா ரொட்டி திருடி வந்தவர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம்ம ஆட்களைத் தேட அங்கேயிருந்துதான் ஆள் வரவேண்டியிருந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை கிளேர் ஆண்டர்சன், இந்துமகா சமுத்திரத்துக் கைதிகளுக்காக வருஷக்கணக்கில் ஆவணங்களைத் துருவியவர். மொரிஷியசுக்குப் போன இந்தியக் கைதிகளைப் பற்றி 2000-ல் ஒரு புத்தகம். 2012-ல் இன்னொன்று, சாதாரண ஆட்களின் வாழ்க்கையைத் துண்டு துண்டான காகிதங்களிலிருந்து ஒட்டவைத்தது. 1836-ல் மொரிஷியஸ் வந்து இறங்கிய சார்லஸ் டார்வின்கூட அங்கே ரோடு வேலை செய்த இந்தியக் கைதிகளைப் பார்த்து, எவ்வளவு கம்பீரமான முகங்கள் என்று வியந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆமையைப் பார்க்க வந்தவர் கண்ணில் பட்டிருக்கிறது!

அந்தமான் கதை உங்களுக்குத் தெரியும். 1858 மார்ச்சில் ஆரம்பித்தது. நாம் சினிமாவில் பார்க்கிற செல்லுலார் ஜெயில் கட்டி முடித்தது 1906-ல். சுதந்திரம் வந்த பிறகும் 'டிரான்ஸ்போர்ட்டேஷன்' என்ற வார்த்தை நம் சட்டப் புத்தகத்தில் சில வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1955-ல் திருத்தம் செய்து, 1956 ஜனவரி 1 முதல் 'ஆயுள் சிறை' என்று மாற்றினார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்து போனது, எங்கள் அம்மச்சி வாயிலிருந்து போகவில்லை.

மருது சகோதரர்களுக்கு இந்தியத் தபால்துறை 2004-ல் ஸ்டாம்ப் வெளியிட்டது. அண்ணனும் தம்பியும் மீசையோடு. ஸ்டாம்ப் சேர்க்கிற நண்பன் வீட்டில் பார்த்தேன். அஞ்சு ரூபாய் ஸ்டாம்ப். இந்தியாவுக்குள் எந்த மூலைக்கும் ஒரு கடிதம் போய்ச்சேரப் போதுமாக இருந்த காசு.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்து, திண்ணையில் அம்மச்சியிடம் துரைசாமி கதையை முழுக்கச் சொன்னேன். சின்ன மருது, வளரி, கப்பல், பினாங்கு, வெல்ஷ். காது மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டிருப்பார்கள். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. எனக்கே ஆச்சரியம். முடித்தபிறகு கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காயிதத்துல என்னலே எழுதியிருந்தான்?"

"தெரியாது அம்மச்சி. அதைத்தான் அந்தத் துரை வாங்காம போயிட்டானே."

"அவன் வாங்காட்டா என்ன? இவன் எழுதியிருப்பானே."

நான் பதில் சொல்லவில்லை. வேலியோரம் ஆடு மறுபடியும் எதையோ கடித்துக்கொண்டிருந்தது. அம்மச்சி அதைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போனாள்.